உயர்த்திய பிக்கப்பில் ஷாஃப்ட் ஏன் உதறுகிறது?

கேள்வி: என் இசுசு வி-கிராஸின் பின்பக்கத்தை ஆக்சிலுக்கும் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே 50 மி.மீ. கட்டை வைத்து உயர்த்தினேன். கிளப்பும்போது லேசான உதறல், 90 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு முனகல். ‘பினியன் மூக்கை ஷாஃப்டுக்கு நேராகத் திருப்பினால் சரியாகிவிடும்’ என்று பட்டறையில் 4 டிகிரி ஆப்பு வைத்தார்கள். இப்போது முனகல் கூடிவிட்டது. ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காரணம் அந்த ஆப்புதான். பினியனை (பின் ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து இணையும் பல்தண்டு) ஷாஃப்டுக்கு நேராகத் திருப்புவது, கியர்பாக்ஸ் முனையில் இரட்டை கிராஸ் வைத்த ஷாஃப்டுக்கு உரிய வழி (கிராஸ் என்பது ஷாஃப்டைக் கோணத்திலும் சுற்றவிடும் மூட்டு). அதை எல்லா வண்டிக்கும் செய்துவிடுகிறார்கள்.

சாதாரண கிராஸ் கோணத்தில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அதன் வேகம் இரண்டு முறை கூடி இரண்டு முறை குறையும். மறுமுனைக் கிராஸும் அதே அளவு கோணத்தில் இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் சமனாகும். இரண்டு கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோணமே இல்லாமல் நேராக வைப்பதும் தவறு. கிராஸின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தித் தடம் விழும். அரை டிகிரியாவது வேண்டும்.

நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் உள்ள இரண்டு துண்டு ஷாஃப்டில் மூன்று கிராஸ்கள். ஒரு கணக்கு பார்ப்போம். எல்லாச் சரிவும் பின்னோக்கிக் கீழே போவதாக வைத்துக்கொள்ளுங்கள்: கியர்பாக்ஸ் 3, முன்துண்டு 4, பின்துண்டு 7, பினியன் 4 டிகிரி. அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசமே கிராஸின் கோணம்: 1, 3, 3. நடுவும் பின்னும் சமம், வண்டி அமைதி.

உயர்த்தினால் பின்துண்டு எவ்வளவு சாயும்? உயர்த்திய மி.மீ.-ஐ 57-ஆல் பெருக்கி, துண்டின் நீளத்தால் வகுத்தால் டிகிரி கிடைக்கும். 1,100 மி.மீ. நீளத் துண்டுக்கு 50 மி.மீ. என்றால் 2.6. பின்துண்டு 9.6 ஆகும், நடு, பின் கிராஸ்கள் இரண்டுமே 5.6. சமம்தான், ஆனால் எல்லையை ஒட்டிவிட்டது. 255/60 R18 டயரும் 4.1 பைனல் ரேஷியோவும் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.1 சுற்று) இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று சுற்றும். 3,000 சுற்றுக்குச் சொல்லப்படும் உச்சம் 5.8 டிகிரி. 4 டிகிரி ஆப்பு வைத்ததும் பினியன் 8 ஆகி, பின் கிராஸ் 1.6-க்கு இறங்கியது. நடு கிராஸோ 5.6-லேயே நிற்கிறது. சமன் செய்ய ஆள் இல்லை.

ஆப்பைக் கழற்றுங்கள். சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் கிராஸ் மெம்பருக்கும் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) இடையே 12 மி.மீ. இரும்புத் தகடு வைத்து, அதற்கேற்ற நீள போல்ட் போட்டு இறக்குங்கள். 700 மி.மீ. முன்துண்டு 5 டிகிரிக்கு வரும், பின்துண்டு 9-க்குக் குறையும். அதன்பின் 1 டிகிரி ஆப்பு வைத்தால் கோணங்கள் 2, 4, 4. உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும். சமதரையில், சக்கரம் தரையில் நிற்க, வழக்கமான சுமையுடன் காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானியால் அளந்த பிறகே தகடு வெட்டுங்கள்.

ஷாஃப்டைக் கழற்றுமுன் ஸ்ப்ளைனில் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல் பொருத்து) குறி போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கோணமெல்லாம் சரியாக இருந்தும் உதறும். மேலே சொன்ன கணக்கில் ஸ்ப்ளைன் 7 மி.மீ. வரை வெளியே வந்திருக்கும். உள்ளே போதிய பிடி இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஆப்பின் தடித்த முனை எந்தப் பக்கம்?
– வாசகர், ஓசூர்

பதில்: பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால், பினியன் மூக்கு உயரத் தடித்த முனை பின்பக்கம். பட்டை கீழே இருந்தால் முன்பக்கம். அலுமினிய ஆப்பு நசுங்கும், வெடிக்கும்; இரும்பே வாங்குங்கள். கட்டைமேல் கட்டை அடுக்காதீர்கள். யூ போல்ட் புதிதாகவே போடுங்கள், 500 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள்.

கேள்வி: ஹைலக்ஸ் டபுள் கேப். முன்னால் 25 மி.மீ. ஸ்பேசர்தான் வைத்தோம், வண்டி ஏறக்குறைய 50 மி.மீ. உயர்ந்துவிட்டது. ஆக்சில் ஜாயின்டை மூடும் ரப்பர் பூட் கிழிகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுப்பகுதியில் நிற்பதால், மேலே வைக்கும் தகடு சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உயரத்தைவிட இதில் பெரிய தொல்லை சக்கரம் தொங்கும்போதுதான்: ஸ்ட்ரட்டே நீண்டதுபோல ஆகிவிடுவதால் சக்கரம் கம்பெனி எல்லையைத் தாண்டி இறங்கி, மேல் பால் ஜாயின்டும் ஆக்சில் ஜாயின்டும் முறுகும். பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிவதும் அதனால்தான். ஸ்பேசரை எடுத்துவிட்டு, இந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்-ஸ்ட்ரட் செட் போடுங்கள். பிறகும் ஆக்சில் சாய்வு அதிகமாக இருந்தால் முன் டிஃபரன்ஷியலை 20–25 மி.மீ. இறக்கும் ஸ்பேசர் செட் உதவும். அலைன்மென்ட் கட்டாயம். காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்தால் ஸ்டியரிங் தானே நேராகத் திரும்பாது, வேகத்தில் வண்டி அலையும். அட்ஜஸ்ட் செய்தும் காஸ்டர் கிடைக்கவில்லை என்றால் மேல்கையை மாற்றுவதே வழி.

கேள்வி: உயர்த்தியபின் லோடோடு பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்துகிறது. பேட் புதிது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி சேசிஸில் உள்ள வால்வுக்குப் போகிறதா பாருங்கள். சுமைக்கேற்ப பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. ஆக்சில் விலகிப்போனதால் வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைக்கிறது. கம்பியின் ஆக்சில் முனையை, உயர்த்திய அதே அளவுக்குப் பிராக்கெட் வைத்து மேலே தூக்குங்கள். ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்றும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, எஃப்.சி.க்குப் போகும் வண்டி என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.