ஆங்கிலப் பாடத்தில் வரும் கவிதை நயச் சொற்களை மனத்தில் நிற்கும்படி கற்பது எப்படி?

தமிழ்வழியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), அலிட்டரேஷன் (சொற்களின் முதல் ஒலி ஒன்றிவருதல்), பெர்சானிஃபிகேஷன் (மனிதரல்லாதவற்றுக்கு மனிதச் செயலைத் தருதல்) ஆகியவற்றின் விளக்கங்களைப் பிழையின்றி ஒப்பிப்பதாகவும், படிக்காத கவிதை ஒன்றைக் கொடுத்தால் எது எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியாமல் திகைப்பதாகவும் கேட்டிருந்தீர்கள். நானும் தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, இப்போது மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்பதால், இந்தத் திகைப்பை நன்றாக அறிவேன். இவற்றுள் பெரும்பாலானவற்றை அவள் தமிழ் வகுப்பிலேயே கற்றுவிட்டாள். அந்த அறிவை ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவர யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் உவமை என்றால் சிமிலி, மோனை என்றால் அலிட்டரேஷன் என்று நேருக்கு நேர் பொருத்தி எழுதிக்கொள்வதும் போதாது. இரண்டும் எங்கே விலகுகின்றனவோ, அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

எனக்குப் பத்தாம் வகுப்பில் கிடைத்த குறுக்குவழி, 'லைக்' அல்லது 'ஆஸ்' வந்தால் அது சிமிலி என்பது. அதை நம்பி, 'அவன் நடந்துகொண்டிருந்தபோது' என்ற பொருளில் 'ஆஸ்' வந்த வரியைத் தேர்வில் அடிக்கோடிட்டேன். 'மழை வரும் போல இருக்கிறது' என்பதில் 'போல' இருந்தும் அது உவமை அன்று என்பது தமிழ்க் காதுக்கு உடனே தெரியும். அந்தக் காதை ஆங்கிலத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளில் பொருள் எது, உவமை எது, பொதுத்தன்மை எது என்று பிரிப்பதைப் போலவே, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1807இல் வெளியிட்ட டாஃபடில் மலர்க் கவிதையில், 'மேகம்போலத் தனியே அலைந்தேன்' என்ற பொருளில் வரும் முதல் அடியையும் பிரிக்கச் சொல்லுங்கள். கவிஞர் பொருள், மேகம் உவமை, தனிமை பொதுத்தன்மை. இம்மூன்றும் கிடைக்காவிட்டால் 'ஆஸ்' இருந்தும் பயனில்லை. மெட்டஃபருக்கு 'மலர்முகம்' (மலர் போன்ற முகம்) உவமைத்தொகை, 'முகமலர்' (முகமாகிய மலர்) உருவகம் என்ற வேறுபாடு ஒன்றே போதும்.

அலிட்டரேஷனில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தேடிக் கண்ணை ஓட்டுகிறார்கள். தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் சேர்ந்தே செல்வதால் மோனையைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. பூனையைக் குறிக்கும் 'கேட்', நகரத்தைக் குறிக்கும் 'சிட்டி' இரண்டும் 'சி' என்ற எழுத்தில் தொடங்கினாலும் அங்கே அலிட்டரேஷன் இல்லை. 'ஃபோன்', 'ஃபயர்' வெவ்வேறு எழுத்தில் தொடங்கினாலும் உண்டு. 'நைஃப்' என்ற சொல்லின் தலையில் நிற்கும் 'கே' வாயைத் திறப்பதே இல்லை என்பதால், அதற்கு இணை 'நைட்' ஆகுமே தவிர 'கிங்' ஆகாது. மறுபுறம், நம் மோனையில் சகரத்துக்குத் தகரமும் மகரத்துக்கு வகரமும் இனமாக வரலாம். ஆங்கிலத்தில் அத்தகைய உறவு கிடையாது. ஆகவே வரியை வாய்விட்டுப் படிக்காமல் இந்தக் கேள்விக்கு விடை எழுதவே கூடாது என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். தேர்வறையில் உதட்டை அசைத்தாவது படிக்க வேண்டும்.

அடிகளின் ஈற்றொலிகள் ஒத்துவரும் ஒழுங்கான ரைம் ஸ்கீமுக்கும் காதே துணை. அதே டாஃபடில் கவிதையின் முதல் பத்தியில் ஆறு அடிகளும் கிளவுட், ஹில்ஸ், கிரவுட், டாஃபடில்ஸ், ட்ரீஸ், பிரீஸ் என்று முடிகின்றன. அமைப்பு ஏ பி ஏ பி சி சி. கடைசி இரு சொற்களையும் எழுதிக் காட்டினால் ஈற்றெழுத்துகள் வேறாக இருப்பதைப் பார்த்து அவள் தயங்கக்கூடும். உரக்கச் சொன்னால் தயக்கம் போய்விடும். 'காஃப்', 'த்ரூ', 'தோ' மூன்றும் ஒரே நான்கு எழுத்துகளில் (ஓ, யு, ஜி, எச்) முடிந்தும் ஒன்றுக்கொன்று இயையாதவை. நம் இயைபுக்கு இந்த ரைம் நெருக்கமானது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆங்கிலச் செய்யுளில் அப்படியொரு மரபு இல்லை.

பெர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதிவைத்திருக்கும் குறிப்பேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனெனில் இரண்டுமே அதனால் மங்கிப்போகின்றன. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, 'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்கிறார் இளங்கோவடிகள். காற்றில் கொடி அசைவது இயல்பு. வராதீர்கள் என்று தடுக்கவே அசைகிறது என்பது கவிஞர் தம் குறிப்பாக ஏற்றிய காரணம். இங்கும் 'போல்' வருகிறது, ஆனாலும் இது உவமையணி அன்று. வேர்ட்ஸ்வொர்த்தின் மலர்களும் காற்றில்தான் ஆடுகின்றன. அவற்றுக்கு மனிதரின் நடனமும் தலையசைப்பும் கிடைக்கின்றன, ஆனால் இன்ன செய்தியைச் சொல்லவே ஆடுகின்றன என்று அவர் காரணம் ஏற்றவில்லை. உங்கள் மகளிடம் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துக்காட்டி, கொடி என்ன சொல்கிறது, மலர்கள் என்ன சொல்கின்றன என்று மட்டும் கேளுங்கள். அணியின் பெயரை அவள் அதன் பிறகு சொன்னால் போதும்.