அப்பா கண்தானம் செய்யச் சொல்கிறார். நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீட்டில். நடக்குமா?

நடக்கும். ஆனால் கண்தான அட்டையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. நீங்கள் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவோ பொகவந்தலாவையோ, டவுனுக்கு ஒரு மணித்தியாலமாவது ஆகும் இடம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மூச்சு நின்று நான்கு மணித்தியாலத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலத்தின் உட்புறக் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. "மலைக் குளிர்தானே, தாங்கும்" என்று இழவு வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அதை நம்பி இருக்காதீர்கள்.

ஆகவே முதல் வேலை கண்தானச் சங்கத்துக்கோ, கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்கோ போன். பிறகு இமைகளை மூடி, நனைத்துப் பிழிந்த சுத்தமான பஞ்சை மேலே வையுங்கள், காயக் காய மாற்றுங்கள். தலைக்கு இரண்டு தலையணை கொடுங்கள். தலை உயர்ந்திருந்தால் எடுக்கும்போது இரத்தக் கசிவு குறையும். தலைமாட்டு விளக்கையும் சாம்பிராணியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சின்னக் காம்பராவில், அதாவது லயத்து அறையில், அந்தச் சூடே கண்ணைக் காய வைக்கும்.

பெரும்பாலும் கெடுவது குளிப்பாட்டும்போதுதான். எண்ணெயும் சீயக்காயும் கண்ணில் இறங்கிவிடும். கண் எடுத்த பிறகு நீர்மாலைக்குப் போங்கள். மலர்ச்சாலைக்காரர் உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவதும் அதன் பிறகுதான். எடுக்க அரை மணித்தியாலம் போதும்; இமையை மூடிவிடுவார்கள், முகம் மாறாது.

கண்ணாடி போட்டவர், கண்புரை வெட்டியவர், சீனி வியாதிக்காரர் எல்லாரும் கொடுக்கலாம். விசர்நாய்க்கடி, எச்.ஐ.வி., ஈரல் அழற்சி, இரத்தப் புற்றுநோய் இருந்தால் எடுக்கமாட்டார்கள். போனிலேயே சொல்லிவிடுங்கள்.

தோட்டத்தின் டிவிஷன் பெயரை மட்டும் சொன்னால் வெளியாட்களுக்கு வழி தெரியாது. ஒரு பொடியனை ஃபெக்டரிச் சந்தியில் நிறுத்துங்கள். ரோட்டைப் பற்றி எழுதினால் கேள்விக்கு வெளியே போகிறேன் என்பீர்கள். கொழுந்து லொறி போகிற பாதைக்குத் தார் போடுகிறார்கள், லயத்துக்கு ஏறும் பாதை மட்டும் கல்லாகவே கிடக்கிறது. நான்கு மணித்தியாலத்தில் ஒன்று அங்கேயே போய்விடும்.

இலங்கையில் கண்தானத்தைப் பரப்பிய டாக்டர் ஹட்சன் சில்வாவையும் பலர் பேச்சுக்காக மட்டும் புகழ்கிறார்கள். 1958இல் பத்திரிகையில் கண் கேட்டு எழுதினார், சரி. 1961இல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கி, 1964இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பும் அளவுக்குக் கொண்டுவந்தாரே, அதுதான் பெரிய வேலை. கொடுக்கிறேன் என்றவரின் கண் கெடுமுன் எடுத்து, ஐஸில் வைத்து, கேட்டவரிடம் சேர்க்க ஆள் வைத்தார். இது பௌத்தர்களுக்கு மட்டும் உரியது என்பவர்கள் கண்ணப்ப நாயனாரை நினைத்துப் பார்க்கட்டும். கண் கொடுத்தவர் மறுபிறப்பில் குருடாவார் என்ற பேச்சுக்கும் அவரே பதில்.

சிறுநீரகம், இதயம் வேறு கணக்கு. மூளைச்சாவு அடைந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரிடமிருந்துதான் பொதுவாக இதயத்தை எடுப்பார்கள். 2017இல் கண்டி ஆஸ்பத்திரியில் நடந்த நாட்டின் முதல் இதய மாற்றுக்கும் அப்படித்தான் கிடைத்தது. லயத்தில் உயிர் போனவரும் கண்ணைக் கொடுக்கலாம். போன் நம்பரைக் கலண்டரில் எழுதி, அந்த நேரத்தில் போன் பண்ணப்போவது யார் என்று இன்றைக்கே பேசி வையுங்கள். அப்பாவால் அதைச் செய்ய முடியாது.