எட்டாவது பகுதியும் எழுந்துபோன அண்ணனும்

அன்புள்ள சார்,

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் மறைந்தபோது நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அவருடைய 'ட்வின் பீக்ஸ்' தொடரைப் பார்க்க ஆரம்பித்தோம். நான், அண்ணன், அண்ணி, என் ஆபீஸ் நண்பர் ஒருவர். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு ஹாலில் உட்காருவோம். பழைய இரண்டு சீசனையும் முடித்து, 2017இல் வந்த மூன்றாவதில் எட்டாவது பகுதிக்கு வந்தபோது வீடே இரண்டாகிவிட்டது.

அணுகுண்டு வெடித்ததும் திரை முழுக்கப் புகையும் புள்ளிகளுமாக ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் டிவியில்தான் கோளாறு என்று நினைத்து கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். அப்புறம் "இது ஏமாத்து வேலை, நாம வாயப் பொளந்து பாப்போம்னு தெரிஞ்சே எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நண்பர் விடவில்லை. "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, பிரான்ஸில் ஒரு சினிமா பத்திரிகை இதற்கு முதலிடமே கொடுத்திருக்கிறது" என்றார். அண்ணி மட்டும் கடைசிவரை பார்த்துவிட்டு, "அசுரன் பொறந்துட்டான், அவனுக்கு எதிரா ஒரு அவதாரத்த அனுப்புறாங்க, அவ்வளவுதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை" என்று கேட்டார். அதிலிருந்து சனிக்கிழமை ராத்திரிகளில் அண்ணன் ஹாலுக்கு வருவதில்லை, நாங்களும் ஒன்பதாவதைத் தொடவில்லை.

எனக்குப் பிடித்ததா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை. யார் சொல்வது சரி? டிவி பார்க்கிறவர்களை இப்படிச் சோதிக்கலாமா? எட்டாவதை எல்லோருக்கும் மறுபடி ஒருமுறை போட்டுக் காட்டலாம் என்று நண்பர் சொல்கிறார். காட்டலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பெரம்பூர்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணன் அந்தப் பகுதியைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். எனக்கு அது மிகவும் பிடிக்கும், தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவற்றில் அதற்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை, ஆகவே உங்கள் நண்பர் பக்கம்தான் நிற்பேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நண்பருடைய ரசனையோடு எனக்குத் தகராறு இல்லை. அவர் பேசியதுதான் எனக்குச் சம்மதமில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூன் 25 அன்று அமெரிக்காவில் ஷோடைம் சேனலில் ஒளிபரப்பானது அது. தொடரின் நாயகனான துப்பறியும் அதிகாரி கூப்பரின் உருவத்தில் திரியும் கெட்டவன் ராத்திரி ரோட்டில் காரில் போகிறான், கூட வந்தவன் அவனைச் சுடுகிறான், கரி அப்பிய மனிதர்கள் இருட்டிலிருந்து வந்து அந்த உடலைச் சூழ்ந்துகொள்கிறார்கள். இதுவரைக்கும் தொடரின் வழக்கம்தான். பிறகு ஒரு ராக் குழு ஒரு பாட்டை முழுசாகப் பாடுகிறது. அப்புறம் கறுப்பு வெள்ளை. 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ, காலை 5:29. உலகத்தின் முதல் அணுகுண்டுச் சோதனை. கேமரா மிக மெதுவாக அந்தக் காளான் மேகத்தை நோக்கிப் போய், நின்றுவிடும் என்று நாம் நினைக்கிற இடத்தில் நிற்காமல் உள்ளேயே நுழைந்துவிடுகிறது. அங்கிருந்து 1956க்கு வந்து, பாலைவன மணலில் ஒரு முட்டை பொரிந்து, தவளையும் பூச்சியும் கலந்த மாதிரி ஒன்று வெளியே ஊர்ந்து வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியின் வாய்க்குள் போகிறது.

இப்போது உங்கள் அண்ணன் எதற்காகக் காத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். 1990 ஏப்ரலில் இந்தத் தொடர் ஆரம்பித்தபோது அது கேட்ட கேள்வி ஒன்றுதான்: லாரா என்ற பள்ளி மாணவியைக் கொன்றது யார்? சேனல் கொடுத்த அழுத்தத்தில் அந்த வருடம் நவம்பரிலேயே பதிலைச் சொல்லிவிட்டார்கள், பார்ப்பவர்கள் குறைந்துபோனார்கள், 1991இல் தொடர் நின்றுவிட்டது. அந்தப் பதிலைச் சொல்லியிருக்கவே கூடாது என்று லிஞ்ச் பின்னால் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார். நல்ல கூப்பர் வேறொரு உலகத்தில் மாட்டிக்கொண்டதோடு அன்றைக்குக் கதை முடிந்தது. கால் நூற்றாண்டு கழித்து அவர் திரும்பி வருகிறார், ஆனால் எப்படி வருகிறார்? பேச்சு வராமல், எதிரே இருப்பவர் சொன்ன கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு, காப்பியைக் கண்டால் மட்டும் முகம் மலர்ந்து. வாரக்கணக்கில் இப்படி. ஏழாவது பகுதியில்தான் கதை ஒரு உந்து உந்தி நகர்கிறது, கெட்டவன் சிறையிலிருந்து வெளியே வருகிறான். இனி வேகம்தான் என்று நாற்காலியின் நுனிக்கு வந்து உட்காருகிறோம். அடுத்த வாரம் பார்த்தால், எழுபது வருடத்துக்கு முந்தைய பாலைவனம்!

தொடர் என்றாலே ஒரு வாக்குறுதி. உங்கள் நேரத்தைக் கொடுங்கள், நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்களோ அதை இன்றைக்குக் கொஞ்சம், மீதியை அடுத்த வாரம் தருகிறோம் என்பது. நம் ஊரில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைத் தொலைக்காட்சியின் செவ்வாய்க்கிழமை நாடகத்தில் ஆரம்பித்து இன்றைய மெகா சீரியல் வரை காத்திருக்கப் பழகிய ஊர் இது. நம் ஆட்களுக்குப் பொறுமை இல்லை, மெதுவாக எடுத்தால் ஓடிவிடுவார்கள் என்று சினிமாக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒரு கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பதை வாரக்கணக்கில், ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு இடிச் சத்தமாகப் பார்த்துக்கொண்டு உட்கார நம் வீடுகளில் எத்தனையோ பேரால் முடிகிறது. அவர்களுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரியும். எட்டாவது பகுதி அதைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. மெதுவாக இருப்பதோ புரியாமல் இருப்பதோ அவ்வளவு பெரிய விஷயமில்லை, கூப்பருக்குக் காத்திரு என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு எதற்கு என்றே சொல்லாமல் விட்டுவிடுகிறார்களே, அது பெரிய விஷயம்.

கோபம் வர வேண்டுமானால் முதலில் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். உங்கள் அண்ணன் எதிர்பார்த்தார், இத்தனை சனிக்கிழமைகள் உட்கார்ந்தார், அதனால் கோபப்பட்டார். 2017இல் அதைப் பார்த்தவர்களிலும் ஒரு பகுதியினர் அப்படித்தான் கொதித்தார்கள், இன்னொரு பகுதியினர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அடுத்த ஞாயிறு புதிய பகுதி வரவில்லை, ஜூலை 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கறுப்பு வெள்ளையை மனதில் வைத்துக்கொண்டே இரண்டு வாரம் வேலைக்குப் போய் வந்தார்கள்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். கே.கே. நகரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ப்ரொஜெக்டர் வைத்து அந்தக் குண்டுக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டார்கள். தொடரில் ஒரு பகுதியைக்கூடப் பார்க்காதவர்கள்தான் பாதிப் பேர். எல்லோருக்கும் பிடித்தது. "என்ன விஷுவல், என்ன சவுண்ட்" என்றார்கள், டீ குடித்தோம், கலைந்தோம். ஒரு வாக்குவாதம் இல்லை. எனக்கு அது உறுத்தியது. அவர்களிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை, காத்திருந்தால்தானே பறிக்க முடியும். உங்கள் அண்ணன் எழுந்து போனபோது அந்தப் பகுதி அவரைத் தொட்ட அளவுக்கு, அந்த மாடியில் கைதட்டிய யாரையும் தொடவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, ஏமாற்று வேலையா? இங்கே நான் அண்ணனோடு உடன்படவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அது சரியான சந்தேகம். அந்தப் பகுதியில் பெட்ரோல் பங்கோடு இருக்கும் ஒரு கடையைக் காட்டும் காட்சியில் படம் துண்டு துண்டாக வெட்டி வெட்டி ஓடும், ஆட்கள் நடப்பதுகூட விக்கி விக்கி நடப்பதுபோல இருக்கும். வேண்டுமென்றே படத்தைப் பழுதாக்கியிருக்கிறார்கள். ஏமாற்றுகிறவன் பழுதை மறைப்பான், லிஞ்ச் அதை நம் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். அந்த நீளமான புகைக் காட்சிக்குப் பின்னால் ஓடுவது பெண்டெரெட்ஸ்கி என்ற போலந்து இசையமைப்பாளர் 1960 வாக்கில் 52 நரம்பிசைக் கருவிகளுக்காக எழுதியது. ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கான இரங்கல் என்று இன்று அதற்குப் பெயர். அவர் முதலில் வைத்த பெயர் வெறும் கால அளவு: 8 நிமிடம் 37 விநாடி. அதை வாசிக்கக் கேட்ட பிறகுதான், இந்தச் சத்தம் யாருக்கானது என்று தேடி அந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தார். இயற்றியவருக்கே பொருள் பிறகுதான் கிடைத்தது. அதனால் அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. முதல்முறை பார்க்கும்போதே அர்த்தம் கையில் வந்து விழவில்லை என்பதற்காக லிஞ்சை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

அப்புறம், அதில் கதையே இல்லை என்பதும் உண்மையில்லை. உங்கள் அண்ணி சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கம் பக்கமாக விமர்சகர்கள் எழுதியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். குண்டு வெடிக்கிறது, கேடு பிறக்கிறது, எங்கோ உயரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பதிலுக்கு ஒன்றை பூமிக்கு அனுப்புகிறார்கள். புராணம் கேட்டு வளர்ந்த யாருக்கும் இந்த வரிசை பழக்கமானதுதான். ஆனால் அண்ணியிடம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். அனுப்பப்படும் அந்தத் தங்க உருண்டைக்குள் தெரிவது லாராவின் முகம். நம் அவதாரங்கள் அசுரனை வதம் செய்ய வருகின்றன. இந்தப் பெண்ணோ கொல்லப்பட்டு, பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றப்பட்டு, ஆற்றங்கரையில் கிடக்கப்போகிறவள், அந்தப் பிணத்தில்தான் இந்தத் தொடரே ஆரம்பித்தது. காப்பாற்ற வந்தவளையே பலி கொடுத்த ஊரின் கதையை இவ்வளவு நாளும் ஒரு துப்பறியும் கதையாக ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குப் பட்டபோது உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது.

இதைச் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தங்க உருண்டைக் காட்சிதான் மொத்தத்திலும் பலவீனமானது என்பது என் அபிப்பிராயம். அழகாக இருக்கிறது, ஆனால் ரொம்பவே விளக்கமாக இருக்கிறது. கெட்டது இப்படிப் பிறந்தது, நல்லது இப்படி வந்தது என்று கணக்கு நேராகிவிடுகிறது. ஒன்றுமே புரியவில்லை என்று மற்றவர்கள் புகார் சொல்கிற பகுதியில் எனக்கு அந்த இடம் அளவுக்கு மீறிப் புரிகிறது. அதைவிட, கரி அப்பிய அந்த ஆள் ரேடியோ ஸ்டேஷனுக்குள் நுழைகிற இடம் எவ்வளவோ மேல். ஓடிக்கொண்டிருந்த காதல் பாட்டை நிறுத்திவிட்டு, தண்ணீர், கிணறு, குதிரை என்று ஒருசில வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான், ஊரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அங்கங்கே மயங்கிச் சாய்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் பெண், ஒர்க்ஷாப்பில் ஒரு மெக்கானிக், படுக்கையில் அந்தச் சிறுமி. வீட்டுக்குள் நாமே கூப்பிட்டு வைத்த ஒரு பெட்டி வழியாக ஒரு குரல் வந்து நம்மைத் தூங்கவைத்துவிட்டுக் காரியத்தை முடித்துக்கொள்கிறது. இதைத் தியேட்டரில் பார்த்தால் இந்தப் பயம் வராது. ஹாலில், சாப்பிட்ட தட்டு இன்னும் கழுவாமல் கிடக்கும்போது, வீட்டு டிவியில் பார்க்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. டிவியில் இப்படிச் செய்யலாமா? டிவியில்தான் செய்ய முடியும். காத்திருக்கவைக்கும் வடிவத்தில்தான் காத்திருத்தலை உடைத்துக் காட்ட முடியும். ஆனால் அப்படிச் செய்கிறவர், பார்க்கிறவர் எழுந்து போகலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். லிஞ்ச் ஏற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், அவர் யாரையும் கெஞ்சவுமில்லை, விளக்கம் சொல்லவுமில்லை.

நண்பர் சொன்ன பத்திரிகை விவரம் சரிதான். பிரான்ஸின் 'கையே து சினிமா' 2017க்கான பட்டியலிலும், பிறகு அந்தப் பத்தாண்டுக்கான பட்டியலிலும் இந்த மூன்றாவது சீசனுக்கு முதலிடம் கொடுத்தது. மூன்றாவது சீசனின் 18 பகுதிகளுக்கும் சேர்த்துக் கொடுத்த இடம் அது. அதை எடுத்துக்கொண்டு வந்து, ஹாலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைப் பார்த்து உங்களுக்குப் புரியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. இந்தப் பேச்சை நான் சென்னையில் திரைப்பட விழா வரிசைகளில், நாடக அரங்க வாசல்களில், புத்தகக் கண்காட்சியில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். நல்ல விஷயம் ஒன்றை ஊரில் நாலு பேர் பார்க்க விடாமல் செய்வதற்கு இதைவிட நிச்சயமான வழி கிடையாது. இப்படிச் சொன்ன பிறகு அண்ணன் எப்படித் திரும்பி வருவார்? வந்தால் தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு வந்ததாகத்தானே ஆகும்.

உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாமலே கொஞ்ச நாள் இருக்கட்டும், அவசரமில்லை.

எட்டாவதை மறுபடி போட வேண்டாம். இப்போது போட்டால் அது அண்ணனுக்கு வைக்கும் பரீட்சை ஆகிவிடும். அவரிடம் போய், ஒன்பதாவதில் கதை அந்த ரோட்டுக்கே திரும்புகிறது, சுடப்பட்டவன் எழுந்து நடந்து வருகிறான் என்று மட்டும் சொல்லுங்கள், இது உண்மையும்கூட. உங்கள் நண்பர் அன்று சொன்னதற்கு அண்ணனிடம் நேரில் வருத்தம் தெரிவித்தால் இன்னும் நல்லது. வருகிற சனிக்கிழமை ஒன்பதாவதைப் போடுங்கள். அண்ணன் என்ன சொன்னார், அதைவிட முக்கியமாக அண்ணி என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.