மூன்று பிள்ளைகள், மூன்று தேவைகள்: வீட்டுக்கல்விப் பணத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 11 வயது. டிஸ்லெக்சியாவாக (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். முறையான பரிசோதனை இன்னும் செய்யவில்லை. நடுவில் உள்ளவளுக்கு 9 வயது, கணக்கில் வயதை மீறி ஓடுகிறாள். கடைக்குட்டிக்கு 6 வயது. அவனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அதீதத் துறுதுறுப்பு) என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். இந்த ஆண்டு முதல் மூவரையும் வீட்டிலேயே படிக்க வைக்க முடிவு செய்து, நான் வேலையை விட்டுவிட்டேன். மூன்று வகுப்புக்கும் சேர்த்து முழுப் பாடத் தொகுப்பை ஒரு நிறுவனம் தருகிறது. ஒரே தடவையில் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை. ஆண்டுக்கு நாங்கள் ஒதுக்கிய பணத்தில் 80 சதவீதம் இதற்கே போய்விடும். கணவரின் ஓய்வுக்காலச் சேமிப்பையும் இதற்காக நிறுத்தி வைத்திருக்கிறோம். வாங்கலாமா? மூவருக்கும் சமமாகச் செலவு செய்வதுதானே நியாயம்?

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. அந்தத் தொகுப்பு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் வகுப்பு வாரியாகக் கட்டித் தரும் எந்தத் தொகுப்பும், ஆறாம் வகுப்புப் பிள்ளை என்றால் வாசிப்பு, கணக்கு, அறிவியல் எல்லாவற்றிலும் ஆறாம் வகுப்பு அளவில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் ஒருவர்கூட அப்படி இல்லை. மூத்தவனுக்கு ஆறாம் வகுப்பு அறிவியல் புரியும், அந்தப் பக்கத்தை வாசிக்கத்தான் முடியாது. அவன் வாசிப்புக்கு ஏற்ற இரண்டாம் வகுப்புத் தொகுப்பை வாங்கிக் கொடுத்தால், அதில் இருக்கும் பாடம் அவனை அவமானப்படுத்தும். மகள் கணக்குப் புத்தகத்தைப் பாதி ஆண்டிலேயே முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்பாள். சின்னவன் எழுதச் சொல்லும் பக்கங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடுவான். ஆக, முழு விலை கொடுத்து வாங்கியதில் பாதிக்கு மேல் அலமாரியில் கிடக்கும், அதற்கு மேல் வேறு வாங்க வேண்டியும் வரும்.

தவணைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வட்டியில்லை என்கிறார்கள். ஆனால் ரொக்கமாகக் கொடுத்தால் 90-க்குக் கிடைக்கும் பொருளுக்கு நீங்கள் 12 மாதத்தில் 100 கட்டுகிறீர்கள். அந்த 10-தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் இது ஏறக்குறைய 20 சதவீதம் வரும். தள்ளுபடியும் தவணையும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கும் எந்த விளம்பரத்திலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, சமமாகச் செலவு செய்வது நியாயமா என்ற கேள்வி. ஒரு பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றால் அவனுக்கு மட்டும்தான் கண்ணாடி வாங்குவோம், மற்ற இருவருக்கும் சேர்த்து வாங்க மாட்டோம். உங்கள் ஆண்டுத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், நான் மூத்தவனுக்கு 45, மகளுக்கு 10, சின்னவனுக்கு 15, மூவருக்கும் பொதுவாக 10 என்று பிரிப்பேன். மீதி 20-ஐத் தொடாமல் வைப்பேன்.

மூத்தவனுக்கு ஏன் இவ்வளவு? இந்த வீட்டில் பணத்தால் உண்மையிலேயே விலகக்கூடிய தடை அவனுடையதுதான். தானாக வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, நேரடியாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். 1930-களில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் உருவாக்கிய முறை இப்படிப்பட்டது. இன்று கிடைக்கும் பல வாசிப்புப் பாடங்கள் அதன் வழியில் வந்தவை.

முதல் செலவு பரிசோதனைக்குத்தான் போக வேண்டும், புத்தகத்துக்கு அல்ல. முறையான அறிக்கை கையில் இருந்தால் எதை வாங்கக் கூடாது என்பது தெளிவாகும். அது மட்டுமல்ல, பின்னாளில் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்க வேண்டி வந்தால் பெரும்பாலும் அந்த அறிக்கையைத்தான் கேட்பார்கள். அது எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பதற்கும் விதி இருக்கலாம், முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

அப்புறம் பாடம். ஆங்கில வாசிப்புக்கு பார்ட்டன், ஆல் அபவுட் ரீடிங் போன்றவை பெற்றோரே சொல்லிக் கொடுக்கும்படி எழுதப்பட்டவை. பார்ட்டனில் மொத்தம் 10 நிலைகள், தனித்தனியாக வாங்கலாம். தொடங்கும் முன் பிள்ளை அதற்குத் தயாரா என்று பார்க்க இலவசச் சோதனையும் தருகிறார்கள். ஒரே ஒரு நிலை வாங்குங்கள். அது முடிந்த பிறகுதான் அடுத்தது. இவற்றை நல்ல நிலையில் வைத்திருந்தால் வாங்கிய விலையில் கணிசமான பகுதிக்கு விற்கவும் முடியும். ஆனால் இவை ஆங்கில எழுத்துக்காகச் செய்யப்பட்டவை என்பதை மறக்காதீர்கள். மகன் முதன்மையாகத் தமிழில் படிக்கிறான் என்றால், அந்தப் பணத்தைக் கற்றல் குறைபாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியரின் நேரத்துக்குக் கொடுப்பது மேல்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதிரிப் பக்கத்தை அச்சிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். திருத்தாமல் வாசிக்க விடுங்கள். ‘ஹார்ஸ்’ என்று இருப்பதை ‘ஹவுஸ்’ என்று வாசிக்கிறானா? அப்படியென்றால் முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்து ஊகிக்கிறான். கதைப் புத்தகம் எத்தனை வாங்கிக் கொடுத்தாலும் இந்த ஊகிக்கும் பழக்கம் போகாது. ஒலியிலிருந்து தொடங்கும் பாடம்தான் அவனுக்கு வேண்டும். அவன் வாசிப்பு தேறும் வரை அறிவியலையும் வரலாற்றையும் காது வழியாகக் கொடுங்கள். லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளம் 2005 முதல் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப் புத்தகங்களை இலவசமாகத் தருகிறது. உங்கள் கைபேசியிலேயே எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கும். அறிவு அவனிடம் போய்ச் சேர எழுத்து ஒன்றுதான் வழி என்று இருக்கக் கூடாது.

இரண்டு விஷயங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். ஒன்று, டிஸ்லெக்சியாவைச் சரிசெய்வதாகச் சொல்லும் வண்ணக் கண்ணாடிகளும் கண் பயிற்சிகளும். 2009-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இவற்றுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொன்னது. இன்னொன்று, ‘உங்கள் பிள்ளை பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா’ என்று சோதித்து அதற்கேற்பத் தனித் தொகுப்பு விற்பவர்கள். ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-ல் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, இப்படிப் பிரித்துக் கற்பிப்பதை நியாயப்படுத்தப் போதுமான சான்று இல்லை என்று முடித்தார்கள். பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு, அதில் சந்தேகமில்லை. அந்த விருப்பத்துக்காக இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

மகள் விஷயம் சுலபம். வேகமாக ஓடும் பிள்ளைக்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். கணக்குக்கு கான் அகாடமி என்ற இணையதளம் இலவசம். வகுப்பைப் பார்க்காமல் அவள் வேகத்தில் ஏறிக்கொண்டே போகலாம். 10 பங்கில் ஒரு நல்ல புதிர்க் கணக்குப் புத்தகமும் தாளும் பென்சிலும் போக மிச்சமே இருக்கும். அவளுக்குக் குறையப்போவது உங்கள் நேரம்தான், ஏனென்றால் மற்ற இருவரும் உங்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை வீட்டில் தனியாகிவிடுவதை நிறையக் குடும்பங்களில் பார்க்கிறேன். தினமும் அவளோடு மட்டும் உட்கார ஒரு நேரத்தை ஒதுக்குங்கள்.

சின்னவனுக்கு 15. இதில் பெரும்பகுதி கையில் எடுத்துச் செய்யும் பொருள்களுக்கு. சிங்கப்பூர் கணக்கு முறை என்று சொல்வார்களே, அதில் முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில்தான் எண். உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையிலிருந்து வந்த வரிசை அது. ஆறு வயதில் உட்கார முடியாத பிள்ளைக்கு இது பொருந்தும். பத்துப் பத்தாக எண்ணக் கற்றுத்தரும் விலை உயர்ந்த கட்டைகள் வேண்டுமென்றில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டினால் அதே பாடம். 30 கணக்கு உள்ள பக்கத்தை மடித்து ஐந்து மட்டும் தெரியும்படி வையுங்கள். முடித்ததும் ஓடட்டும், திரும்பி வந்து அடுத்த ஐந்து. மடிப்பதற்குச் செலவில்லை. அவனுக்காக மாதச் சந்தாச் செயலி வாங்கும் ஆசை வரும். வாங்கினால் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

வரலாறு, அறிவியல், கதை வாசித்துக் காட்டுவது இவையெல்லாம் மூவருக்கும் ஒன்றாக நடக்கலாம். தலைப்பு ஒன்றே, சின்னவன் படம் வரைவான், மகள் எழுதுவாள், மூத்தவன் வாயால் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். மூன்று செட்டுக்குப் பதில் ஒரு செட். நூலகம் இருந்தால் அதுவும் தேவைப்படாது. வாங்கும்போது, எழுதித் தீர்க்கும் பயிற்சி நூல் எது, திரும்பப் பயன்படும் பாடநூல் எது என்று பிரித்துப் பாருங்கள். பாடநூல் அடுத்த பிள்ளைக்கு வரும். பயிற்சி நூலைக் குடும்பத்துக்குள் நகலெடுக்கச் சில பதிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள், சிலர் அனுமதிப்பதில்லை; உரிமைப் பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தொடாமல் வைக்கச் சொன்ன 20 பங்குக்கு வருகிறேன். மூன்றாவது மாதம் முடியும்போது எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது மாற்றிக்கொள்ளக் கையில் பணம் இருக்க வேண்டும். ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் ப்ளூமரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாடகப் பருவச் சீட்டுக்கு முழு விலை கொடுத்தவர்கள், எதிர்பாராமல் தள்ளுபடி கிடைத்தவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றேதான், கொடுத்த காசுதான் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. பாடத் தொகுப்பிலும் இதே ஆபத்து இருக்கிறது. ‘இவ்வளவு கொடுத்து வாங்கியிருக்கிறோமே’ என்று பொருந்தாத புத்தகத்தைப் பிள்ளைமேல் ஆண்டு முழுக்கத் திணிப்போம். நாடகத்தில் ஒரு மாலைப் பொழுதுதான் போகும். இங்கே போவது பிள்ளையின் ஒரு வருடம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வீட்டுக்கல்வியின் மிகப் பெரிய செலவு எந்தப் பாடத்திட்டமும் இல்லை, நீங்கள் விட்ட சம்பளம். ஒரே வருமானத்தில் நடக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது ஆறு மாதச் செலவு அவசரகால நிதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு பேர் சம்பாதித்தபோது மூன்று மாதம் போதுமாக இருந்திருக்கும். உங்கள் வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடு இருந்தால் அது முடிந்துவிட்டதா என்று இந்த வாரமே பாருங்கள். கணவருக்கு டேர்ம் இன்சூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) போதுமான அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இப்போது ஐந்து பேரும் அவர் வருமானத்தை நம்பி இருக்கிறீர்கள். நிறுத்திய ஓய்வுக்காலச் சேமிப்பை, பழைய தொகையில் பாதியாவது, அடுத்த மாதமே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.