உளுத்த கட்டையை மட்டும் மாற்றினால் போதுமா?

வீட்டைச் சுற்றியுள்ள மரத் தாங்குசுவர் (மேட்டு மண் சரியாமல் தாங்கி நிற்கும் சுவர்) சாய்கிறது, உளுத்த கட்டைகளை மட்டும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இதே கேள்வியைக் கேட்டு, ‘தாராளமாக மாற்றலாம்’ என்ற பதிலை நம்பி, ஒரே சுவருக்கு இரண்டு முறை செலவழித்தவன் நான்.

எங்கள் வீட்டுப் பின்புறச் சுவர் 1.2 மீட்டர் உயரம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது அதன் மேல்விளிம்பு அடியைவிட நான்கு விரற்கடை முன்னால் வந்திருந்தது. பார்க்க வந்த ஒப்பந்ததாரர், உளுத்திருந்த மூன்று கட்டைகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தினார். பின்னாலிருந்த மண்ணைத் தொடவே இல்லை. ஆறாவது மழைக்காலத்தில் சுவர் மறுபடியும் வயிறு தள்ளியது. பணம் வாங்கியவர் மண்ணையும் ஒருமுறை தோண்டிப் பார்த்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முழுவதையும் பிரித்தபோதுதான் காரணம் புரிந்தது. முன்பக்கம் தட்டினால் கணீரென்று ஒலித்த கட்டையின் பின்பக்கத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடி வரை இறங்கியது. மரம் செதில் செதிலாக உதிர, நடுவில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை ஓடியிருந்தது. பின்னால் ஒரு கூடை ஜல்லிகூட இல்லை. களிமண்ணைக் கட்டையோடு ஒட்டி நிரப்பியிருந்ததால், இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றி அங்கேயே நின்று மரத்தை அரித்ததோடு சுவரையும் தள்ளியிருக்கிறது.

இந்தத் தள்ளுவிசை சாதாரணமானதன்று. 1.2 மீட்டர் ஆழத்திற்கு நீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மீதும் நீர் மட்டுமே ஏறத்தாழ 720 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்தும். மண்ணின் அழுத்தம் தனிக்கணக்கு. தேங்கும் நீரின் ஆழம் பாதியானால் நீரின் விசை 180 கிலோவாகக் குறைந்துவிடும். ஆகவே எதைக்கொண்டு கட்டுவது என்பதைவிட, பின்னால் வரும் நீரை எப்படி வெளியேற்றுவது என்பதையே முதலில் தீர்மானியுங்கள்.

நாங்கள் மூன்றாம் முறை போகக்கூடாதென்று, சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் அகலத்திற்குத் தூசியில்லாத ஜல்லி நிரப்பி, அடியில் துளையிட்ட குழாயை வாட்டம் கொடுத்துப் பதித்து, அதன் வாயைத் தாழ்வான பக்கம் திறந்துவிட்டோம். ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தோம். அது இல்லையென்றால் களிமண் மெல்ல மெல்ல ஜல்லிக்குள் இறங்கி அடைத்துவிடும். சுவரை கான்கிரீட் கட்டிகளால், மண்மேட்டின் பக்கம் சற்றே சாய்வாக எழுப்பினோம்.

மரமே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்ணுக்குள் இருப்பதற்கென்றே மருந்தேற்றிய மரம், நல்ல வடிகாலோடு பல்லாண்டுகள் நிற்கும். நான் பொறியாளனும் அல்லன். அதனால்தான், உங்கள் சுவர் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தாலோ, அதன் தலைமாட்டில் வண்டி நிற்குமிடமோ கட்டடமோ இருந்தாலோ, கடப்பாரையை எடுப்பதற்கு முன்பே ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள் என்கிறேன். அந்த உயரத்திற்குப் பல ஊர்களில் கட்டட அனுமதியும் தேவைப்படும்.

பிரிக்கும்போது மழையில்லாத நாட்களாகப் பார்த்து, மேலிருந்து கீழாக, சிறுசிறு பகுதிகளாகப் பிரியுங்கள். முழு நீளத்தையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் மேடு சரியக்கூடும். பழைய சுவர்களில் சுவரைப் பிடித்து நிறுத்த, அதிலிருந்து பின்னோக்கி மேட்டு மண்ணுக்குள் நீட்டிப் புதைத்த நங்கூரக் கட்டைகள் இருக்கலாம். அவற்றை இழுத்துப் பிடுங்காமல், சுவரையொட்டி அறுத்துவிடுவது மேல்.

கழித்த கட்டைகளை மட்டும் எரித்துவிடாதீர்கள். பழைய ரயில் ஸ்லீப்பர்களில் (தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளில்) கிரியோசோட் என்ற, மரம் உளுக்காமலிருக்க ஏற்றும் நச்சுத் தார் எண்ணெய் இருக்கலாம். பச்சை நிறம் தட்டும் பழைய கட்டைகளில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்கலாம். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு இறுதியோடுதான் வீட்டுப் பயன்பாட்டு மரங்களில் அதைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். எரித்தாலும் அந்த ஆர்சனிக் அழியாது; புகையில் கொஞ்சம் போக, பெரும்பாலும் சாம்பலில் தங்கிவிடும். அறுக்கும்போது முகமூடியும் கையுறையும் அணியுங்கள். கழிவை எங்கே ஒப்படைப்பது என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றைக் காய்கறிப் பாத்திக்கு வரப்பாகவும் வைக்காதீர்கள்.