கடைசிச் சொல் கேட்கிறதா?

கேள்வி: எங்கள் நூலகத்தில் மாதம் ஒரு சிறுகதை வாசிக்கிறோம். மைக் இருந்தும் பின்வரிசைக்காரர்கள் ‘பாதி புரியவில்லை’ என்கிறார்கள். சத்தம் போதவில்லையா?
– வாசகர் வட்ட உறுப்பினர், அம்பாசமுத்திரம்

பதில்: மைக் இருக்கும்போது சத்தத்தைச் சந்தேகிக்க வேண்டாம். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறீர்களா என்று முதலில் பாருங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, வந்தாரா வரவில்லையா எல்லாம் அதில்தான் தெரியும். மூச்சுத் தீர்ந்து ‘வரவில்…’ என்று குரல் அடங்கினால் அதற்கு முன் வாசித்த பத்துச் சொல்லும் வீண். கேட்பவரிடம் புத்தகம் இல்லை. திருப்பிப் பார்க்க வழியில்லை.

வாசிக்கும் பிரதியில் பென்சிலால் குறியிடுங்கள். மூச்செடுக்கும் இடத்தில் ஒற்றைக் கோடு, பத்தி முடிவில் இரட்டைக் கோடு. நீண்ட எழுவாய்த் தொடருக்குப் பின்னும், ‘வந்து’, ‘பார்த்து’, ‘என்று’ போன்ற எச்சங்களுக்குப் பின்னும் ஒற்றைக் கோடு போடலாம். பெயரெச்சத்தையும் அதன் பெயரையும் மட்டும் பிரிக்காதீர்கள்: ‘ஆற்றில் இறங்கிய’ என்று நிறுத்திவிட்டு ‘பெண்கள்’ என்றால் காது தடுமாறும். வாக்கியம் நீளமானால் கடைசி நான்கைந்து சொற்களுக்கு முன் ஒரு மூச்சு கட்டாயம். அச்சிலுள்ள காற்புள்ளியை நம்பி மூச்செடுக்க வேண்டாம். அது கண்ணுக்காகப் போட்டது.

அச்செடுக்கும்போது எழுத்து 16 அல்லது 18 புள்ளி (பாயின்ட்), ஒன்றரை வரி இடைவெளி, தாளின் ஒரு பக்கம் மட்டும். அடியில் கால் பங்கு வெறுமையாக இருக்கட்டும். கீழ் வரிகளுக்காகத் தலை குனிந்தால் வாய் மைக்கை விட்டு விலகும், கடைசிச் சொல் மறுபடியும் போய்விடும். ஒரு வாக்கியம் அடுத்த தாளுக்குத் தாவக் கூடாது. 10 நிமிடம் கொடுத்தால் 8 நிமிடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: குற்றாலக் குறவஞ்சியை வாசிக்கையில் பொருளைப் பார்த்தால் சந்தம் போகிறது, சந்தத்தைப் பார்த்தால் பொருள் போகிறது.
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அதைப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் அந்தச் சங்கடத்தைப் பெரும்பாலும் வைக்கவில்லை.

வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்
மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்

இரண்டு அடியிலும் இரண்டாம் சீருக்குப் பின் சிறிது நில்லுங்கள். பொருளும் அங்கேதான் ஒடிகிறது. ‘மந்திசிந்து’ என்பதோடு நிறுத்துவதுதான் பலர் செய்யும் பிழை. அது ‘கனி’யோடு ஒட்டிய வினைத்தொகை. கொஞ்சும், கெஞ்சும் இரண்டுக்கும் ஓர் உயிர்தான் வேறுபாடு. அதை மழுப்பினால் அடியின் அழகே போய்விடும். ராகம் போட வேண்டாம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்ற அளவைக் காத்தால் போதும், சந்தம் தானே வரும்.

கேள்வி: ‘பழம்’ என் வாயில் ‘பளம்’ ஆகிறது. நெல்லைப் பேச்சை அடியோடு விட வேண்டுமா?
– ஆசிரியர், சேரன்மகாதேவி

பதில்: வேண்டவே வேண்டாம். கதையில் ஒருவர் ‘என்னலே’ என்றால் நம்மூர் இழுப்போடே சொல்லுங்கள். கதாசிரியர் கூற்றுக்கும் செய்யுளுக்கும் ழகரம் தேவை. ளகரத்துக்கு நாக்கு நுனி மடங்கி அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு மடங்கும், தொடாது. வாழை–வாளை, கிழி–கிளி என்று தினமும் ஐந்து நிமிடம் மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். பெண் குரல், கிழவர் குரல் என்று மாற்றிப் பேசுவது எங்களுக்கு உடன்பாடில்லை. பாத்திரத்துக்குப் பாத்திரம் வேகத்தை மாற்றினாலே ஆள் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆடியில் திறந்தவெளியில் கவிதை வாசிப்பு. காற்றுக்கு என்ன செய்வது?
– அமைப்பாளர், தென்காசி

பதில்: மேற்கே செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் காற்று மைக்கில் அடித்தால் கடகடவென்ற சத்தம்தான் மிஞ்சும். மேற்கே முதுகு காட்டி நிற்கும்படி மேடை போடுங்கள். வாசிப்பவர் உடம்பே மைக்கை மறைக்கும். மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை போட்டு, வாயிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில், சற்று ஓரமாக வையுங்கள். நேரெதிரே இருந்தால் ‘ப’ வரும்போதெல்லாம் வெடிக்கும். தாள்களுக்குக் கிளிப் அட்டை. தெருக்கோடி வரை குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தால் தூரத்துக் குழாய்களை அணைக்கச் சொல்லுங்கள்: ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், 100 மீட்டருக்கு அப்பாலுள்ள குழாயின் சொல் அடுத்த சொல்லின் மேல் வந்து விழும்.