தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

காங்கேயத்திலிருந்து கேட்டிருக்கும் அய்யாவுக்கு,

திருப்பூரில் ஆடை வடிவமைப்பு படித்த மகள், கம்பெனி வேலையை விட்டுவிட்டு கிராமத்திலேயே தையல் யூனிட் போடுகிறேன் என்கிறாள். 20 லட்சம் ஆகும், தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாங்க.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு காட்டலாம். யூனிட்டை மகளின் தம்பி பெயரில் போடலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தால் விட்டுவிடுங்கள். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவு ஆணுக்கு மானியம் 25 சதவீதம், பெண்ணுக்கு 35. ஆக 20 லட்சத்தில் கைப்பணம் 1 லட்சம், வங்கிக் கடன் 19 லட்சம், மானியம் 7 லட்சம்.

அந்த 7 லட்சம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடக்கும். யூனிட் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதற்குள் மூடிவிட்டால் மானியமும் போச்சு. அதனால் 19 லட்சத்துக்கும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பழைய மெஷின் மலிவாக வருகிறதென்று முன்கூட்டியே வாங்கி ஓட்ட ஆரம்பிக்காதீர்கள். புதிய யூனிட்டுக்கு மட்டுமே இந்தத் திட்டம். நிலத்தின் விலையையும் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. மாநில அரசின் நீட்ஸ் திட்டமும் இருக்கிறது: 25 சதவீத மானியம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். மாவட்ட தொழில் மையத்தில் கேட்டு முடிவெடுங்கள். புரோக்கர் தேவையே இல்லை.

குறிப்பிட்ட வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அதற்கு மேல் போனால் அரசின் கடன் உத்தரவாதத்தில் கொடுப்பீர்களா என்று மேனேஜரிடம் நேராகவே கேளுங்கள்.

எனக்குக் கடனைவிட ஆர்டர்தான் கவலை. ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) கொடுப்பவர் யார், பீஸ் ரேட் என்ன, பணம் எத்தனை நாளில் என்பதை மகள் எழுதி வாங்கட்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இலவசமாகச் செய்துவிட்டால், 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிப்பவர் மீது புகார் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் ஒரே கம்பெனியை நம்பியிருப்பவர் புகார் கொடுக்கத் தயங்குவார். குறைந்தது இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சரி, வேலையை எப்போது விடுவது? வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு.